கழுவியாகிவிட்டது, ஈரம் ஏன் போகவில்லை?

கேள்வி: எங்கள் வீட்டு டிஷ்வாஷர் வாங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது. முதல் சில மாதங்கள் பாத்திரங்கள் காய்ந்தே வெளிவந்தன. இப்போதும் அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் நன்றாகப் போய்விடுகின்றன. ஆனால், கதவைத் திறந்தால் எல்லாப் பாத்திரங்களிலும் நீர்த்துளிகள் நிற்கின்றன; ஒவ்வொன்றையும் துணியால் துடைத்த பிறகே அலமாரியில் அடுக்க முடிகிறது. ஹீட்டர் பழுதாகியிருக்கும் என்கிறார் கணவர். மெக்கானிக்கை அழைப்பதற்கு முன்பு நானே பார்க்கக்கூடியது ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், மெக்கானிக் வராமலேயே தீர்ந்துவிடும் வாய்ப்புதான் அதிகம். முதலில், டிஷ்வாஷர் பாத்திரங்களை எப்படிக் காயவைக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்துவிட்டால் எங்கே தேட வேண்டும் என்பதும் புரிந்துவிடும். உள்ளே சூடான காற்று வீசிக் காயவைக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மின்விசிறியோ, தொட்டியின் அடியில் கண்ணுக்குத் தெரியும் ஹீட்டர் கம்பியோ உள்ள மாடல்கள் இருக்கின்றன என்றாலும், இன்றைய வீட்டு இயந்திரங்களில் பல, பாத்திரங்களின் சொந்தச் சூட்டை நம்பியே வேலை செய்கின்றன. கடைசியாக அலசும் தண்ணீரை இயந்திரம் ஏறத்தாழ 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கும். அதில் நனையும் பாத்திரங்களும் சூடேறும். தண்ணீர் வெளியேறிய பின், பாத்திரத்தின் மேல் மிஞ்சிய ஈரம் அந்தச் சூட்டிலேயே ஆவியாகி, பாத்திரத்தைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடும் எஃகு உட்சுவரில் படிந்து, வழிந்து, கீழே போய்ச் சேரும். ஆகவே பாத்திரம் காய வேண்டுமானால் அது நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். அதன் மேல் மிஞ்சும் தண்ணீரும் குறைவாக இருக்க வேண்டும்.

இந்த இரண்டில் எது தவறுகிறது என்று கண்டுபிடிக்க உங்கள் கையே போதும். சுற்று முடிந்தவுடன், ஆவி முகத்தில் அடிக்காதபடி சற்று ஒதுங்கி நின்று கதவைத் திறந்து, கீழ்க்கூடையில் உள்ள கனமான பீங்கான் தட்டு ஒன்றின் விளிம்பை விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். தட்டு நல்ல சூடாக இருந்தும் துளிகள் நின்றால், ஹீட்டரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. தண்ணீர் வழிந்து போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வெதுவெதுப்பாகவோ குளிர்ந்தோ இருந்தால்தான் சூடு பற்றிய கேள்வியே எழுகிறது.

எண்ணெய்ப் பிசுக்கு நன்றாகப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் சூடாகாமல் பிசுக்கு அவ்வளவு எளிதில் போகாது. முதலில் காய்ந்துகொண்டிருந்து, பிறகு நின்றுபோனது என்றும் சொல்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது என் முதல் சந்தேகம், கடைசி அலசும் தண்ணீரில் இயந்திரம் கலந்துவிடும் திரவமான ரின்ஸ் எய்ட் மீதுதான் போகிறது. இயந்திரத்தைப் பொருத்தும்போது நிரப்பப்பட்ட ரின்ஸ் எய்ட் தீர்ந்துபோய், அதன் பிறகு யாரும் ஊற்றாமல் விட்டிருக்கலாம்.

ரின்ஸ் எய்ட் என்பது பாத்திரத்துக்குப் பளபளப்பு ஏற்றும் ஆடம்பரப் பொருள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல; காயவைக்கும் வேலையில் பாதியை அதுதான் செய்கிறது. தண்ணீருக்கு இயல்பாகவே தன்னைத் தானே இழுத்துப் பிடித்துக்கொண்டு உருண்டையாகத் திரளும் குணம் உண்டு. தாமரை இலைத் தண்ணீராகக் கண்ணாடி டம்ளரின் மேல் முத்து முத்தாக நிற்கும் துளிகளை உற்றுப் பாருங்கள்: ஒவ்வொன்றும் தடித்துத் திரண்டிருக்கும், தடித்த துளி ஆவியாவதற்கு நேரம் பிடிக்கும். கடைசி அலசலில் ரின்ஸ் எய்ட் சில மில்லிலிட்டர் கலந்தாலே, அந்த இழுவிசை தளர்ந்து, துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து மெல்லிய படலமாகப் பரவி வழிந்துவிடும். பாத்திரத்தின் மேல் மிஞ்சும் ஈரத்தை அதன் சூடே எளிதில் ஆவியாக்கிவிடும்.

கதவின் உட்புறத்தில், டிடர்ஜென்ட் போடும் பெட்டிக்குப் பக்கத்திலேயே ரின்ஸ் எய்ட் ஊற்றும் மூடி இருக்கும். அதை நிரப்பி, வெளியே சிந்தியதைத் துடைத்துவிடுங்கள். சிந்தியது அப்படியே இருந்தால் அடுத்த சுற்றில் நுரை பொங்கும். எவ்வளவு விட வேண்டும் என்பதைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகோ, பட்டன் வழியான அமைப்போ இருக்கும். ஈரம் நின்றால் ஒரு படி கூட்டுங்கள். கண்ணாடியில் நீலம் பாய்ந்த கோடுகளோ பிசுபிசுப்போ தெரிந்தால் ஒரு படி குறையுங்கள். ரின்ஸ் எய்டுக்குப் பதிலாகக் கையால் பாத்திரம் கழுவும் திரவத்தை ஒருபோதும் ஊற்றாதீர்கள். இயந்திரம் முழுவதும் நுரையாகிவிடும். வினிகர் ஊற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். அதன் அமிலம் நாளடைவில் ரப்பர்ப் பாகங்களைக் கெடுக்கக்கூடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

"நான் போடும் டிடர்ஜென்ட் மாத்திரையிலேயே ரின்ஸ் எய்ட் உட்பட எல்லாம் கலந்திருக்கிறதே" என்று நீங்கள் கேட்கக்கூடும். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு மாத்திரையைத்தான் பயன்படுத்தினோம். சில மாடல்களில் அத்தகைய மாத்திரைக்கென்று ஓர் அமைப்பு உண்டு; அதைத் தேர்ந்தெடுத்தால் ரின்ஸ் எய்ட் விடுவதையும், தீர்ந்துவிட்டது என்று எச்சரிக்கும் விளக்கையும் இயந்திரம் நிறுத்திவிடும். எங்கள் இயந்திரத்தில் அது இயங்கிக்கொண்டிருந்தது தெரியாமல் வாரக்கணக்கில் டம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தோம். அந்த அமைப்பை நீக்கி ரின்ஸ் எய்ட் ஊற்றிய பிறகு, இரண்டாவது சுற்றிலேயே வேறுபாடு தெரிந்தது. மாத்திரை ஏதேனும் ஒன்றைப் போடுங்கள். ரின்ஸ் எய்டைத் தனியாகவும் ஊற்றுங்கள் என்பதே என் கருத்து.

தட்டு சூடாக இல்லை என்று தெரிந்தால், அப்போதும் நேராக ஹீட்டருக்குப் போகாமல் எந்தப் புரோகிராமை ஓடவிட்டீர்கள் என்று பாருங்கள். அரை மணி நேரத்தில் முடியும் விரைவுப் புரோகிராம்கள் பலவற்றில் காயவைக்கும் கட்டமே கிடையாது. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் எக்கோ புரோகிராமில் வெப்பநிலை குறைவாக இருக்கும். கூடுதலாகக் காயவைக்கும் பட்டன் இருந்தால் அதை அழுத்துங்கள். அது கடைசி அலசலின் சூட்டை உயர்த்தும் அல்லது காயும் நேரத்தை நீட்டும். இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால், மிக அதிகச் சூடுள்ள புரோகிராமைத் தேர்ந்தெடுத்து, கழுவும் கட்டத்தின் நடுவே நிறுத்திக் கதவை மெல்லத் திறந்து பாருங்கள். ஆவியே வராமல், உள்ளே எல்லாம் குளிர்ந்திருந்தால் ஹீட்டரோ, வெப்பநிலையை அளக்கும் சென்சாரோ, அவற்றுக்கு மின்சாரம் தரும் ரிலேயோ பழுதாகியிருக்கலாம். டிடர்ஜென்ட் மாத்திரை பாதி கரையாமல் கிடப்பதும் அதே பழுதின் அடையாளமாக இருக்கலாம். அப்போது மெக்கானிக்கை அழையுங்கள். தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்திருக்கும் இடத்தை நீங்களே பிரித்துப் பார்க்க வேண்டாம்.

பாத்திரங்களை அடுக்கும் முறையையும் ஒருமுறை கவனியுங்கள். கோப்பையைக் கவிழ்த்து வைத்தால் அதன் அடிப்பாகத்தில் உள்ள குழிவு மேல்நோக்கி நிற்கும். அதில் தேங்கும் தண்ணீரை எந்த ரின்ஸ் எய்டும் காயவைக்காது. கோப்பையைச் சற்றுச் சாய்த்து வைத்தால் அது வழிந்துவிடும். வெளியே எடுக்கும்போது கீழ்க்கூடையை முதலில் காலி செய்யுங்கள். மேல்கூடையை முதலில் இழுத்தால், கோப்பைகளின் அடியில் நின்ற தண்ணீர் காய்ந்த தட்டுகளின் மேல் கொட்டும்.

கேள்வி: பீங்கான் தட்டுகள் காய்ந்துவிடுகின்றன, பிளாஸ்டிக் டப்பாக்கள் மட்டும் சொட்டச் சொட்ட ஈரமாக வருகின்றன. ரின்ஸ் எய்ட் ஊற்றியும் பயனில்லை. இது பழுதா?

பதில்: பழுதில்லை. பிளாஸ்டிக்கின் எடை குறைவு என்பதால், காய்வதற்குத் தேவையான சூட்டை அது சேமித்து வைப்பதில்லை. 1 கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். 500 கிராம் எடையுள்ள பீங்கான் தட்டு 60 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குக் குளிரும்போது சுமார் 12,000 ஜூல் வெப்பத்தை விடுகிறது. அது 5 கிராம் தண்ணீரை ஆவியாக்கப் போதும். 50 கிராம் எடையுள்ள பிளாஸ்டிக் டப்பா அதே அளவு குளிர்ந்தால் 2,800 ஜூல் அளவுதான் கிடைக்கும். 1 கிராமுக்குச் சற்று அதிகமான தண்ணீரே ஆவியாகும். போதாக்குறைக்கு, பிளாஸ்டிக் தண்ணீரை விலக்கும் தன்மை கொண்டது என்பதால் துளிகள் அதன் மேல் திரண்டு நிற்கும். ஒட்டாத பூச்சு உள்ள வாணலிகளிலும் இதே தொல்லை உண்டு. மிக மெல்லிய எவர்சில்வர் பாத்திரங்களும் எடை குறைவு என்பதால் பீங்கான் அளவுக்குக் காய்வதில்லை. டப்பாக்களை மேல்கூடையில் சாய்த்து வைத்து, சுற்று முடிந்ததும் ஒருமுறை உதறி, வெளியே கவிழ்த்து வையுங்கள். டப்பாவுக்காக இயந்திரத்தின் சூட்டை உயர்த்திக்கொண்டே போவது வீண். பிளாஸ்டிக் நெளிந்துவிடவும் கூடும்.

கேள்வி: சுற்று முடிந்த பிறகும் இயந்திரத்தின் அடியில் தண்ணீர் நிற்கிறது. பாத்திரங்கள் ஈரமாக இருப்பதற்கு இதுவும் காரணமாகுமா?

பதில்: ஃபில்டரைச் சுற்றிக் குழிவான இடத்தில் கொஞ்சம் தண்ணீர் இருப்பது இயல்பு. தொட்டியின் தரைக்கு மேல் நின்றால்தான் கவலைப்பட வேண்டும். அந்தத் தண்ணீரிலிருந்து எழும் ஆவி பாத்திரங்களைக் காயவிடாது, நாற்றமும் வரும். ஃபில்டரைத் திருகி எடுத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். திரும்பப் பொருத்தும்போது அது சரியாகப் பூட்டிக்கொண்டதா என்று அசைத்துப் பாருங்கள். தளர்வாக இருந்தால் துகள்கள் பம்புக்குள் போய்விடும். கழிவுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: இரவில் ஓடவிட்டுக் காலையில் திறக்கிறேன். இவ்வளவு நேரம் கிடந்தும் ஏன் ஈரமாக இருக்கிறது?

பதில்: நேரம் கூடக் கூடக் காயும் என்பது கதவு மூடியிருக்கும்போது பொருந்தாது. உள்ளே அடைபட்ட ஆவி வெளியேற வழியில்லாமல், பாத்திரங்கள் குளிர்ந்ததும் அவற்றின் மேலேயே திரும்பப் படிந்துவிடும். சுற்று முடிந்ததும் கதவை 10 சென்டிமீட்டர் அளவுக்குத் திறந்து வையுங்கள். சில மாடல்கள் இதைத் தாமாகவே செய்துவிடும். ஆனால், முழுவதும் முடிந்ததற்கான ஒலியோ விளக்கோ வரும் வரை காத்திருங்கள். காயவைக்கும் கட்டத்தில் தண்ணீர்ச் சத்தம் அடங்கிவிடுவதால், முடிந்துவிட்டது என்று எண்ணிப் பலர் பாதியிலேயே திறந்துவிடுகிறார்கள். இயந்திரத்துக்கு மேலே மரப்பலகை மேடை இருந்தால், கதவைச் சிறிது மட்டும் திறந்து வைக்கும்போது ஆவி நேராக அதன் அடியில் போய் அடித்து, நாளடைவில் பலகை உப்பிவிடும். அத்தகைய இடத்தில் கதவை முழுவதுமாகத் திறந்து, கூடைகளையும் வெளியே இழுத்து விடுங்கள்.