குளிர்கால டயர் மாட்டினால் இன்சூரன்ஸ் என்ன ஆகும்? கேள்வி பதில்

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் விபத்துக் கார்களைப் பார்த்து நட்டத்தை மதிப்பிடும் சர்வேயர் நான். டயரும் இன்சூரன்ஸும் பற்றிக் கேளுங்கள் என்றேன். பாதிக் கேள்வி பனி பெய்யும் ஊர்களைப் பற்றி! பாண்டிச்சேரி ஆயிற்றே, வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார்.

லாஸ்பேட்டை: அண்ணே, தங்கச்சி குடும்பம் பிரான்சில், ஆல்ப்ஸ் மலைப் பக்கம். விண்டர் டயர் (பனிக்கும் கடுங்குளிருக்கும் என்றே செய்த குளிர்கால டயர்) இல்லாவிட்டால் இன்சூரன்ஸே செல்லாது என்று மாப்பிள்ளையை யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். நிஜமா?

பாலிசி செல்லாமல் போகாது. 2021 முதல் அங்கே குறிப்பிட்ட மலைப்பகுதிகளில் நவம்பர் 1 தொடங்கி மார்ச் 31 வரை நான்கு சக்கரத்திலும் குளிர்கால டயர் இருக்க வேண்டும், இல்லையென்றால் வண்டியில் பனிச்சங்கிலியாவது (பனியில் வழுக்காமலிருக்க சக்கரத்தில் சுற்றுவது) இருக்க வேண்டும். 2024 நவம்பரிலிருந்து, மூன்று மலைமுகடும் நடுவில் பனித்துகளும் போட்ட முத்திரை உள்ள டயர்தான் கணக்கு. பழைய ‘எம் பிளஸ் எஸ்’ (சேறு, பனி) எழுத்து மட்டும் இருந்தால் போதாது. மாப்பிள்ளை கார் மோதி அடிபட்டவருக்கு கம்பெனி நட்டஈடு கொடுத்துவிடும். அவருடைய சொந்தக் காரின் சேதத்துக்குத்தான் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது, விபத்துக்கு டயர் காரணமா என்று துருவுவார்கள்.

மஞ்சக்குப்பம்: பையன் கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கிறான். பிரீமியம் குறையுமா சார்?

குறையும்மா. ஒன்ராறியோவில் 2016 ஜனவரி முதல் குளிர்கால டயருக்குத் தள்ளுபடி தருவது இன்சூரன்ஸ் கம்பெனிகளின் கடமை. பெரும்பாலும் 2 முதல் 5 சதவீதம். தானாக வரும் என்று இருந்துவிட வேண்டாம், அவர்தான் கேட்க வேண்டும். டயர் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: ஜெர்மனியில்?

தேதி பார்க்க மாட்டார்கள், சாலையைப் பார்ப்பார்கள். பனியோ உறைபனியோ கிடக்கும்போது கோடை டயரில் ஓட்டினால் 60 யூரோ அபராதம், லைசென்ஸ் கணக்கில் ஒரு தண்டனைப் புள்ளி. அந்த நிலையில் மோதினால், பெரும் கவனக்குறைவு என்று சொல்லி சொந்த சேதத்துக்கான தொகையைக் குறைக்கவும் கம்பெனிக்கு வழி உண்டு.

வில்லியனூர்: ஜனவரியில் சொந்தக் காரில் மணாலி போகிறோம். குளிர்கால டயர் போட்டால் கம்பெனிக்குச் சொல்லணுமா?

அளவு, எடைக் குறியீடு, வேகக் குறியீடு மூன்றும் கார் கம்பெனி சொன்னபடி இருந்தால் அது வெறும் டயர் மாற்றம். பிரீமியம் ஏறாது, இறங்காது. பெரிய அளவு டயரோ புது அலாய் வீலோ போட்டால் மட்டும் எழுத்தில் தெரிவித்து பாலிசியில் ஏற்றிக்கொள்ளுங்கள். சொல்லாமல் போட்ட வீலுக்குக் காசு எதிர்பார்க்கக் கூடாது.

என்னைக் கேட்டால் வாங்கவே வேண்டாம் தம்பி, சங்கிலி போதும். குளிர்கால டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழேயும் இறுகிப் போகாமல் இருக்கச் செய்தது. நம்ம ஊர் மே மாத வெயிலில் சீக்கிரம் தேயும், பிரேக் போட்டால் நிற்கவும் கூடுதல் தூரம் எடுக்கும்.

கடலூர் முதுநகர்: பனியை விடுங்க. மழையில் மொட்டை டயரோடு மோதினால் கிளைம் வருமா?

இதுதான் நமக்கான கேள்வி. காருக்கு டயர் பள்ளத்தின் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. பள்ளத்துக்குள்ளே சின்னத் திட்டுகள் இருக்கும். டயர் தேய்ந்து அவற்றோடு மட்டமானால் ஆயுள் முடிந்தது. விபத்துக் காரைப் பார்க்கப் போனால் நான் டயரையும் பார்ப்பேன், படமும் எடுப்பேன்.

மொட்டை என்பதற்காக மட்டும் கிளைமைத் தள்ளுவது நியாயமில்லை, விபத்துக்கும் டயருக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும். 2011 டிசம்பர் 30 தானே புயல் மாதிரி ஒன்றில், நிறுத்தியிருந்த கார் மேல் மரம் விழுந்தால் டயர் எப்படி இருந்தால் என்ன? அதே கார் ஈரமான ஈசிஆர் வளைவில் வழுக்கி மரத்தில் மோதினால் கதை வேறு. ‘வண்டியை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும்’ என்ற பாலிசி நிபந்தனையை எடுத்துக் காட்டுவார்கள். தொகையில் கை வைப்பார்கள், சிலசமயம் மறுப்பும் வரும். எதிரே வந்து அடிபட்டவரின் தேர்ட் பார்ட்டி இழப்பீட்டை மட்டும் தேய்ந்த டயரைக் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது.

ரெயின்போ நகர்: 2024 ஃபெஞ்சல் புயலில் டயர் மூழ்க வண்டி தண்ணீரில் நின்றது. மறுபடி அப்படி நடந்தால்?

சாவியைத் தொடாதீர்கள்! வெள்ளச் சேதம் ஓன் டேமேஜில், அதாவது பாலிசியில் சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதியில், வரும். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து, இன்ஜினுக்குள் நீர் ஏறி ராடு வளைந்தால், அது நீங்களே வரவழைத்த சேதம் என்பார்கள். இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பீடு எடுத்திருந்தால்தான் ஓரளவு தப்பிக்கலாம். கயிறு கட்டி இழுத்து வெளியே கொண்டு வாருங்கள்.

முதலியார்பேட்டை: பள்ளத்தில் விழுந்து டயர் மட்டும் வெடித்தது. கிடைக்குமா?

சாதாரண பாலிசியில் கிடைக்காது. அதே விபத்தில் காரும் சேதமானால், டயரை மாற்றும் செலவில் பாதி. டயருக்கென்று தனி ஆட்-ஆன் (கூடுதல் காப்பீடு) இருக்கிறது, அதிலும் தேய்மானக் கணக்கைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

நெல்லிக்குப்பம்: டயரைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார்கள். எங்கே போவது?

முதலில் அந்தக் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சென்னை இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்). தமிழ்நாட்டுக்கும், புதுச்சேரி, காரைக்காலுக்கும் அந்த அலுவலகம்தான். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. கம்பெனி மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும். சர்வேயர் ரிப்போர்ட் நகலைக் கேட்டு வாங்கி இணையுங்கள். அதில் டயர் ஆழம் மில்லிமீட்டரில் எழுதாமல் வெறுமனே ‘தேய்ந்திருந்தது’ என்று இருந்தால், அந்த வரியை அடிக்கோடிட்டு அனுப்புங்கள்.