பள்ளியில் தரும் நீல மாத்திரை: மலம் கருப்பாகப் போனால் நிறுத்தணுமா?

நிறுத்த வேண்டாம். 14 வயது மகளுக்குப் பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையால் குமட்டல், மலமும் கருப்பு என்று எழுதியிருந்தீர்கள். கருப்பு நிறம் உடம்பில் சேராமல் வெளியேறும் இரும்புதான்.

குமட்டலுக்குக் காரணம் பெரும்பாலும் வெறும் வயிறு. காலையில் சாப்பிடாமல் பஸ்ஸுக்கு ஓடும் பிள்ளையா? அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லிப் பாருங்கள். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி கூடாது, இரும்பைச் சேரவிடாது. (இதை மட்டும் எந்த வீட்டிலும் கேட்பதில்லை.)

அப்புறம், ஹீமோகுளோபின் ஒருமுறை பாருங்கள். 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. வாரம் ஒரு மாத்திரை போதாது. மாதவிடாய் 7 நாளைத் தாண்டுகிறதா என்றும் மெதுவாகக் கேளுங்கள்.

மலம் தார் மாதிரி பிசுபிசுத்து நாறினாலோ, வயிற்றுவலி கடுமையானாலோ மாத்திரைமேல் பழி போடாமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.