கைபேசி மேலாண்மை மென்பொருளை நிறுவும் முன் தரவுத்தளத்தைத் தனியாகத் தயார் செய்ய வேண்டுமா?

கேள்வி: நானூறு ஊழியர்களின் கைபேசிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் எம்.டி.எம். மென்பொருளை எங்கள் சொந்த சர்வரில் நிறுவப் போகிறோம். தரவுத்தளத்தை முன்கூட்டியே தயார் செய்ய வேண்டுமா, நிறுவல் நிரலே பார்த்துக்கொள்ளுமா?

தயார் செய்துவைக்கத்தான் வேண்டும். நிறுவல் நிரல் அட்டவணைகளை உருவாக்கும், தொடக்கத் தரவுகளை நிரப்பும். ஆனால் அவை எந்த டிஸ்கில் இருக்க வேண்டும், எவ்வளவு வளரும், பேக்கப் எங்கே போகும் என்பதையெல்லாம் உங்களிடம் கேட்காமலேயே கடந்துவிடும். மதுரை அருகே கப்பலூரில் நான் வேலை பார்க்கும் நிறுவனத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்காமல் விட்டதால், ஒரு சித்திரைத் திருவிழா வாரத்தை நான் சர்வர் அறையிலேயே கழிக்க நேர்ந்தது. அதனால்தான் சற்று நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் நிறுவனத்திலும் தரவுத்தளத்துக்கென்று தனி ஆள் இருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். நெட்வொர்க், பிரிண்டர், சம்பளப் பட்டியல் என்று எல்லாவற்றையும் கவனிக்கும் ஒருவரிடமே இதுவும் வந்து சேரும். எங்கள் நிறுவனத்தில் அந்த ஒருவர் நான்தான்.

திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர், நத்தம், சிவகங்கை என்று சுற்று வட்டார ஊர்களின் கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் 600 பேரிடம் நிறுவனத்தின் ஆண்ட்ராய்டு கைபேசிகள் இருக்கின்றன. மென்பொருளை விற்றவர்களின் ஆள் ஒரு கார்த்திகை மாதக் காலையில் வந்து, நிறுவல் தொகுப்போடு வந்த, மைக்ரோசாஃப்ட் தரவுத்தள மென்பொருளான எஸ்.கியூ.எல். சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பையே அதே கணினியின் சி டிரைவில் இறக்கி, மென்பொருளுக்கு எல்லா அதிகாரமும் கொண்ட ‘எஸ்.ஏ.’ நிர்வாகி கணக்கையே கொடுத்துவிட்டு, மாலைக்குள் கிளம்பிவிட்டார். ஒரே நாளில் வேலை முடிந்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. நானும் எதுவும் கேட்கவில்லை.

அன்று பத்து நிமிடம் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தால் போதும். ஒவ்வொரு கைபேசியும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தன் இருப்பிடத்தைத் தெரிவிக்கிறது. ஒரு நாளைக்கு 288 முறை. 600 கைபேசிகளுக்கு 1,72,800 வரிசைகள். ஒரு வரிசைக்குச் சுமார் 200 பைட் என்று வைத்தாலே நாளொன்றுக்கு 34 எம்.பி.க்கு மேல், மாதத்துக்கு ஒரு ஜி.பி. தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸ்களைச் சேர்த்தால் ஏறக்குறைய அதன் இரு மடங்கு. எக்ஸ்பிரஸின் 2022 பதிப்பு வரை ஒரு தரவுத்தளத்தின் தரவுக் கோப்புகள் 10 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைக்கும் லாக் கோப்பு இந்தக் கணக்கில் சேராது. கார்த்திகையில் தொடங்கியது சித்திரையில் நிரம்பியதில் வியப்பில்லை.

மதுரைக்கு வரும் கள்ளழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு மூன்று நாள் இருந்தது. தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள் என்பதால் மாற்று வழிகளைக் கொண்ட புதிய செயலிப் பதிப்பை எல்லாக் கைபேசிகளுக்கும் அனுப்ப வேண்டியிருந்தது. மென்பொருளின் நிர்வாகத் திரையான கன்சோலில் உத்தரவைக் கொடுத்தால் அது அனுப்ப வேண்டியவற்றின் பட்டியலில் சேரவே இல்லை. பிழைப் பதிவேட்டைத் திறந்தால், 10240 எம்.பி. என்ற உரிம வரம்பைத் தாண்டுவதாக 1827 என்ற எண்ணுடன் செய்தி அடுத்தடுத்து நின்றது. இருப்பிட வரலாறும் கைபேசிகளுக்கான உத்தரவுகளும் ஒரே தரவுத்தளத்தில் இருந்ததால், முன்னது நிரம்பியதும் பின்னதுக்கும் இடமில்லாமல் போய்விட்டது. மேலூர் லைன் தம்பி ஒருவர் போனில், “அண்ணே, புது ரூட்டு வரும்னு சொன்னீங்க, பழசுதான் காட்டுது, நான் எந்தப் பக்கம் போறது?” என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அதைவிடப் பெரிய அச்சம் ஒன்று இருந்தது. எந்தக் கைபேசி எங்களுடையது, அதற்கு எந்த விதிகள், அதனோடு பேச எந்தச் சான்றுகள் என்ற அனைத்தும் அந்தத் தரவுத்தளத்தில்தான் இருந்தன. அது சிதைந்து, பேக்கப்பும் இல்லாமல் போனால், முழு நிர்வாக முறையில் பதிவான ஆண்ட்ராய்டு கைபேசிகளைத் தொழிற்சாலை நிலைக்கு அழித்துவிட்டு ஒவ்வொன்றாக மறுபடி பதிவு செய்ய வேண்டும். 600 பேரையும் கப்பலூருக்கு வரவழைப்பதை நினைத்துப் பாருங்கள். எக்ஸ்பிரஸில் திட்டமிட்ட வேலைகளை ஓட்டும் ஏஜென்ட் சேவை கிடையாது. விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரிலும் யாரும் எதையும் எழுதிவைக்கவில்லை. ஐந்து மாதத்தில் ஒரு பேக்கப்கூட எடுக்கப்படவில்லை என்பதை அன்றுதான் அறிந்தேன்.

முதலில் ஒரு முழு பேக்கப்பை எடுத்து வேறு கணினிக்கு நகலெடுத்தேன். பிறகு, விற்றவர்களிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு, 60 நாளுக்கு முந்தைய இருப்பிட வரலாற்றை ஒரு முறைக்குப் பத்தாயிரம் வரிசைகள் வீதம் அழித்தேன். ஒரே கட்டளையில் அழித்திருந்தால் லாக் கோப்பு வீங்கி சி டிரைவையும் நிரப்பியிருக்கும். இரவு பதினொரு மணிக்கு உத்தரவுகள் மறுபடியும் நகரத் தொடங்கின.

மறுநாள் கட்டணப் பதிப்பான ஸ்டாண்டர்டுக்குத் தனி சர்வர் ஒதுக்கினார்கள். அங்கே நடந்த தவறு முழுக்க என்னுடையது. சர்வரின் சிஸ்டம் லொகேல் (மொழி, நாட்டு அமைப்பு) இந்திய ஆங்கிலமாக இருந்ததால், நிறுவும்போது ‘லத்தீன்1 ஜெனரல்’ கொலேஷன், அதாவது எழுத்துகளை ஒப்பிடவும் வரிசைப்படுத்தவும் உள்ள விதித் தொகுப்பு, தானாகவே தேர்வாகியிருந்தது. அமெரிக்க ஆங்கிலத்தில் தேர்வாவது ‘எஸ்.கியூ.எல்.’ என்ற முன்னொட்டுடைய வேறொன்று. மென்பொருளின் தரவுத்தளம் இந்த இரண்டாவது கொலேஷனில்தான் உருவாகியிருந்தது. ரீஸ்டோர் செய்த தரவுத்தளம் தன் பழைய கொலேஷனோடு வந்தது; தற்காலிக அட்டவணைகள் உருவாகும் டெம்ப்டிபியோ சர்வரின் கொலேஷனில் இருந்தது. இரண்டையும் இணைக்கும் அறிக்கை ஒவ்வொன்றும் 468 என்ற பிழையோடு நின்றது. சர்வரின் கொலேஷனைச் சிஸ்டம் தரவுத்தளங்களை மறுபடி கட்டாமல் மாற்ற முடியாது என்பதால், இரண்டாம் இரவு முழுவதும் புதிதாக நிறுவினேன். மென்பொருளின் தேவைக் குறிப்பில் கொலேஷன் பற்றிய வரியைத் தேடிப் படித்துவிட்டு, அதன் பிறகே நிறுவலைத் தொடங்குங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தரவு, லாக், டெம்ப்டிபி ஆகிய மூன்றுக்கும் தனித்தனி டிஸ்க் கொடுங்கள். கோப்பு வளர்ச்சியைச் சதவீதத்தில் வைக்காமல் நிலையான அளவில் வையுங்கள். நினைவக உச்ச வரம்பு நிறுவிய உடன் 2147483647 எம்.பி. என்று இருந்தால் அதற்கு வரம்பில்லை என்றே பொருள், 16 ஜி.பி. கணினியில் நான் 12 கொடுத்திருக்கிறேன். மென்பொருள் வேறு கணினியிலிருந்து இணைவதானால் எஸ்.கியூ.எல். சர்வர் வழக்கமாகப் பயன்படுத்தும் டி.சி.பி. 1433 போர்ட்டை ஃபயர்வாலில் அந்தக் கணினியின் முகவரிக்கு மட்டும் திறந்துவிடுங்கள். ‘எஸ்.ஏ.’ கணக்கை மென்பொருளிடம் ஒருபோதும் கொடுக்காதீர்கள். தனிக் கணக்கு ஒன்றுக்கு நிறுவும்போது தரவுத்தளம் உருவாக்கும் உரிமையும், பிறகு அந்த ஒரு தரவுத்தளத்தின் உரிமையாளர் என்ற நிலையும் பெரும்பாலும் போதும். ஆன்டிவைரஸ் தரவுக் கோப்புகளைத் துழாவாதபடி விலக்கு கொடுங்கள். லாக்கை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதைத் தீர்மானிக்கும் ரெக்கவரி மாடலை ‘ஃபுல்’ என்று வைத்தால் லாக் பேக்கப்பும் கட்டாயம், இல்லையென்றால் லாக் கோப்பு வளர்ந்துகொண்டே போகும். நான் 15 நிமிடத்துக்கு ஒரு முறை எடுக்கிறேன். மாதம் ஒரு முறை அந்த பேக்கப்பை வேறு கணினியில் ரீஸ்டோர் செய்து திறந்து பார்க்கிறேன்.

தமிழில் பெயர்களை ஏற்றுவதாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. ஊழியர் பெயரையும் லைன் ஊர்ப் பெயரையும் கொண்டுவர நான் உருவாக்கிய இடைநிலை அட்டவணையில் எழுத்துத் தரவுக்கு ‘வார்சார்’ வகையைப் பயன்படுத்தியிருந்தேன். எல்லாம் வெறும் கேள்விக்குறிகளாகப் பதிவாயின. வழக்கமான கொலேஷன்களில் ‘வார்சார்’ பயன்படுத்தும் பழைய கோட்பேஜ் (எழுத்துக் குறியீட்டுப் பட்டியல்) எதிலும் தமிழ் இல்லை, யூனிகோடில்தான் உண்டு. ஆகவே யூனிகோடை ஏற்கும் ‘என்வார்சார்’ வேண்டும், கட்டளையில் எழுதும் சொல்லுக்கு முன்னால் ஆங்கில ‘என்’ எழுத்தும் வேண்டும். கேள்விக்குறியான பெயரை மீட்க வழி கிடையாது, மறுபடியும் ஏற்றத்தான் வேண்டும்.

கிளவுடில் வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். அது சரியாகவே இருக்கலாம். ஊழியர்களின் நடமாட்டத் தகவல் வெளியே போகக் கூடாது என்பது எங்கள் நிர்வாகத்தின் முடிவு, கேட்டவரும் சொந்த சர்வர் என்றே எழுதியிருக்கிறார். எக்ஸ்பிரஸ் பதிப்பைக் குறை சொல்லவும் நான் வரவில்லை. முப்பது நாள் வரலாறு போதும் என்று பழையதை ஒழுங்காக அழித்துவரும் சிறிய நிறுவனத்துக்கு அது தாராளம்.

என் மனக்குறை வேறு. மென்பொருளைத் தேர்ந்தெடுக்க மூன்று கூட்டங்கள் நடந்தன; திரையின் நிறம் வரை பேசினார்கள்; சர்வரைப் பார்த்துக்கொள்ளும் என்னை ஒரு கூட்டத்துக்கும் அழைக்கவில்லை. எத்தனை நாள் வரலாறு வைக்க வேண்டும் என்று அங்கே ஒருவர் கேட்டிருந்தால் எக்ஸ்பிரஸ் போதாது என்பது அன்றே தெரிந்திருக்கும். உங்களை அழைக்கவில்லை என்றாலும் நீங்களாகவே போய் உட்காருங்கள்.

உங்கள் 400 கைபேசிகளும் ஐந்து நிமிட இடைவெளியில் தெரிவித்தால், இன்டெக்ஸோடு நாளுக்குச் சுமார் 46 எம்.பி. சேரும், 10 ஜி.பி. வரம்புள்ள எக்ஸ்பிரஸ் ஏழு மாதத்தில் நிரம்பிவிடும். இடைவெளி பதினைந்து நிமிடம் என்றால் இந்த அளவு மூன்றில் ஒரு பங்காகக் குறையும். உங்கள் இடைவெளி எவ்வளவு, எத்தனை நாள் வரலாறு தேவை என்பதை எழுதுங்கள். டிஸ்க் அளவைச் சேர்ந்தே கணக்கிட்டுப் பார்ப்போம்.