தகடு, மை, தாள்: எட்சிங் கேள்வி பதில்

கேள்வி: மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தைச் செப்புத் தகட்டில் வரைந்து, பெர்ரிக் குளோரைடு கரைசலில் புத்தகத்தில் போட்டிருந்தபடி 45 நிமிடம் வைத்தேன். சுதை உருவங்களுக்கு இடையே நெருக்கமாகப் போட்ட கோடுகள் நல்ல கறுப்பாக வரும் என்று நினைத்தேன். வெளுத்துப்போய் வந்திருக்கிறது. மை போதவில்லையா?
வாசகி, திருநகர்

பதில்: மை குறையவில்லை, அரிப்புதான் கூடிவிட்டது. எட்சிங்கில் கரைசல் தகட்டில் அரித்த பள்ளக் கோட்டில் தங்கும் மைதான் தாளில் அச்சாகும். கோடு ஆழமாக அரிக்கும்போதே பக்கவாட்டிலும் அகலும். நெருக்கமான இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிற்கும் மெல்லிய செப்புச் சுவர் கரைந்துவிட்டால் அந்த இடம் அகலமான பள்ளமாகிவிடும். மையைப் பிடித்துவைக்க அதில் சுவர் கிடையாது. துணியால் துடைக்கும்போது நடுவில் இருக்கும் மை வழித்துக்கொண்டு போய்விடும். உங்கள் அச்சை லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெளுத்த இடத்தைச் சுற்றி விளிம்பில் மட்டும் கறுப்புக் கரை ஓடும்.

காரணம் வெயில். பெரும்பாலான புத்தகங்களில் உள்ள நேரம் 20 டிகிரி அறைக்குச் சொன்னது. சித்திரையில் மதுரை வீட்டுக்குள் கரைசல் 33, 34 டிகிரிக்குச் சுலபமாகப் போகும். அரிப்பும் அதற்கேற்ப வேகமெடுக்கும். அதனால் யாருடைய நேரத்தையும் கடன் வாங்காதீர்கள். அதே தகட்டில் வெட்டிய ஒரு துண்டில் கிரவுண்ட் (கரைசல் தகட்டைத் தொடாமல் காக்கும் பூச்சு) பூசி, அதைக் கீறி மெல்லியதும் நெருக்கமானதுமாகக் கோடு போட்டு, கரைசலில் இறக்குங்கள். 5 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துக் கழுவி, உலர்த்தி, ஒரு விரற்கடை அகலத்துக்கு வார்னிஷ் பூசி மூடிவிட்டு மறுபடி இறக்குங்கள். கடைசியில் அந்தத் துண்டை அச்சடித்தால் 5, 10, 15, 20 நிமிடக் கறுப்பு வரிசையாகத் தெரியும். பக்கத்தில் கரைசலின் வெப்பநிலையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மே மாதத் துண்டு மார்கழிக்கு உதவாது.

தகட்டை முகம் மேலே பார்க்கப் போட்டால் அரிப்பில் உண்டாகும் கசடு கோட்டுக்குள்ளேயே படிந்து வேலையைத் தடுக்கும். முகம் கீழே பார்க்க, மூலைகளில் சிறு கட்டைகளை ஒட்டி, அடியிலிருந்து ஒரு செ.மீ. உயரத்தில் நிறுத்துங்கள். முதல் நிமிடத்திலேயே ஒருமுறை சாய்த்துத் தூக்கி, சிக்கிய காற்றுக் குமிழியை வெளியேற்றிவிட வேண்டும். குமிழி நின்ற இடத்தில் கோடு விட்டுப்போகும்.

வெளுத்த பகுதியை இன்னும் காப்பாற்றலாம். அதன்மேல் மட்டும் ரோசின் (பிசின்) தூளைத் தூவி, தகட்டின் அடியிலிருந்து சூடாக்கி ஒட்டவைத்து, அக்வாடிண்டாக (தூள் துகள்களுக்கு இடையே மட்டும் அரிக்கும் முறையில்) கொஞ்ச நேரம் அரித்தால் பள்ளத்தின் தரை சொரசொரப்பாகி மையைப் பிடிக்கும். தூவும்போது முகமூடி கட்டாயம். காற்றில் மிதக்கும் ரோசின் தூள் தீப்பொறி பட்டால் குப்பென்று பற்றும், அடங்கும்வரை அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது.

இன்னொன்று: அச்சில் இடம் வலம் மாறும். ஊரே அறிந்த கோபுரம் என்பதால் டிரேசிங் தாளைத் திருப்பிப் போட்டு வரைவது நல்லது.

கேள்வி: துத்தநாகத் தகடு மலிவாகக் கிடைத்தது. அதையும் இதே பெர்ரிக் குளோரைடில் போடலாமா?
வாசகர், மேலூர்

பதில்: வேண்டாம். கரைசல் சூடேறும், வாயு கிளம்பும், கோடும் கரடுமுரடாகும். துத்தநாகத்துக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போதும். உரக்கடையிலும் நாட்டுமருந்துக் கடையிலும் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் 80 கிராம், உப்பு 80 கிராம். அலுமினியத் தகட்டுக்கும் இதுவே. அங்கே உப்பு இல்லாவிட்டால் அரிப்பே தொடங்காது. கோட்டில் செந்நிறப் பஞ்சுபோல் செம்பு படியும். அதை இறகால் அவ்வப்போது மெல்ல ஒதுக்கிக்கொண்டே இருங்கள். நீல நிறம் மங்கிவிட்டால் கரைசல் ஓய்ந்துவிட்டது என்று பொருள். அலுமினியத்திலிருந்து ஹைட்ரஜன் வரும் என்பதால் வேலையைத் திறந்த வராந்தாவில் வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது.

கேள்வி: வரையாத இடத்திலெல்லாம் புள்ளி புள்ளியாக அரித்திருக்கிறது.
வாசகர், திருப்பரங்குன்றம்

பதில்: தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்திருக்கும். சாக்குத்தூளில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு கலந்து தேய்த்து, குழாயடியில் காட்டுங்கள். தண்ணீர் முத்துமுத்தாகத் திரளாமல் முழுத் தகட்டிலும் ஒரே படலமாக நிற்க வேண்டும். அதன் பிறகு விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். கிரவுண்ட் காயும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். தெருத் தூசி ஒட்டிய ஒவ்வொரு இடமும் ஒரு ஓட்டை.

கேள்வி: கனமான பருத்தித் தாள்தான் வாங்குகிறேன். படத்தின் நடுப்பகுதி நன்றாக வருகிறது, ஓரங்களில் கோடு அறுந்து அறுந்து வருகிறது. பிரஸ்ஸின் அழுத்தம் சரியில்லையா?
வாசகர், செல்லூர்

பதில்: நடுவில் ஒழுங்காக வருவதால் முதலில் தாளைச் சந்தேகப்படுங்கள். எட்சிங் போன்ற இன்டாக்லியோ (பள்ள) அச்சில் தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துவர வேண்டும். அதற்கு ஈரத்தில் இளகியிருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் ஈரம் முதலில் ஓரத்தில்தான் போகும்.

பசையேற்றிய, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாளை முந்தைய நாள் மாலை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, நீரை வடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலிதீனில் காற்றுப் புகாமல் சுற்றி, மேலே பலகையும் பாரமும் வையுங்கள். விடிவதற்குள் ஈரம் நடுவிலும் ஓரத்திலும் ஒன்றுபோலப் பரவிவிடும். பசையில்லாத மென்மையான கைக்காகிதத்தை ஊறவைத்தால் பிய்ந்துவிடும். ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி அடுக்கினாலே போதும்.

தகட்டில் மை பூசித் துடைத்து முடித்த பிறகே தாளை வெளியே எடுங்கள். சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எங்காவது பளபளத்தால் ஈரம் அதிகம்; அங்கே தாள் மையை ஏற்காமல் வெள்ளைப் புள்ளி விழும். பிளாட்டிங் தாளால் ஒற்றி, பளபளப்பு அடங்கி, தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரியும்போது பிரஸ்ஸில் வையுங்கள். ஐப்பசி மழையில் கதை வேறு. அடுக்கிய தாளை இரண்டு நாளுக்கு மேல் விட்டால் பூஞ்சை பிடிக்கும், மிச்சத்தைப் பிரித்துக் காயப்போட்டுவிடுங்கள்.

கேள்வி: மை துடைக்கும் டார்லட்டன் துணி இங்கே கிடைக்கவில்லை. கரும்புச் சாறு மெஷினை பிரஸ்ஸாக மாற்ற முடியுமா என்றும் சொல்லுங்கள்.
வாசகி, வாடிப்பட்டி

பதில்: மருந்துக்கடை பேண்டேஜ் துணியை அலசி, கஞ்சி போட்டுக் காயவைத்து, கசக்கி விறைப்பைக் கொஞ்சம் எடுத்துவிட்டு, உள்ளங்கை அளவுக்குத் தட்டையாக மடித்துக்கொள்ளுங்கள். விரல் நுனியால் அழுத்தாமல் வட்டமாக ஓட்ட வேண்டும். அழுத்தினால் கோட்டில் இருக்கும் மையும் வந்துவிடும். கடைசியாக உள்ளங்கையில் சாக்குத்தூள் தடவி ஒரு தடவு தடவினால் வெள்ளை பளிச்சென்று நிற்கும்.

கரும்பு மெஷின் ஆகாது. அதன் உருளையில் வரிப்பள்ளம் உண்டு, தகடும் தாளும் படுத்துப் போகப் படுக்கையும் இல்லை. நல்ல லேத் பட்டறையில் செய்யச் சொல்லுங்கள்: சுற்றும்போது ஆடாதபடி லேத்தில் கடைந்த இரண்டு வழுவழு உருளைகள், அவற்றுக்கு நடுவே வளையாத கனத்த இரும்புப் படுக்கை, இரு பக்கமும் அழுத்தம் கூட்டிக் குறைக்கத் திருகு. தாளின்மேல் கம்பளி ஃபெல்ட் போட வேண்டும். அது இல்லாமல் தாள் பள்ளத்துக்குள் இறங்காது.

கேள்வி: பழைய பெர்ரிக் குளோரைடை எங்கே கொட்டுவது?
வாசகர், திருமங்கலம்

பதில்: சாக்கடையிலும் கண்மாயிலும் கொட்டவே கூடாது. அதில் கரைந்திருக்கும் செம்பு மீனையும் பயிரையும் கெடுக்கும். பிளாஸ்டிக் வாளியில், திறந்த வெளியில், சலவை சோடாவைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். நுரை பொங்கும், வாளி பாதிக்கு மேல் நிறைந்திருக்கக் கூடாது. பொங்குவது நின்றதும் இரண்டு நாள் அசையாமல் வையுங்கள். மேலே தெளியும் நீரில் நீலமோ பச்சையோ தெரிந்தால் இன்னும் செம்பு இருக்கிறது, மேலும் சோடா சேருங்கள். அடியில் படிந்த பழுப்புச் சேற்றைத் துணியில் வடிகட்டி, காயவைத்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு, ரசாயனக் கழிவு என்று எழுதித் தனியாக ஒப்படையுங்கள். செடிக்கு உரமாகப் போட்டுவிடாதீர்கள்.