இறந்த மாடுகளுக்கு வந்த பணத்தில் புதிய மாடு வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. மட்டக்களப்பு மாவட்டத்தில் கிரான் பக்கத்தில் எங்களுக்கு ஒரு மாட்டுப் பட்டி இருக்கிறது. 2025 நவம்பரில் டித்வா புயல் வெள்ளத்தில் ஆறு நாட்டுப் பசுக்கள் இறந்துவிட்டன. இழப்பீடாக மூன்று இலட்சம் ரூபாய் கணவரின் கணக்குக்கு வந்திருக்கிறது. காதில் இலக்கத் தகடு போடாத மூன்று கன்றுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. மிஞ்சிய பதினான்கு மாடுகளும் மெலிந்து நிற்கின்றன. என் பெயரில் 80,000 ரூபாய் நுண்நிதிக் கடன் இருக்கிறது. காப்புகள் 60,000 ரூபாய்க்கு அடகில் இருக்கின்றன. உடனே கலப்பினப் பசு ஒன்று வாங்கும்படி கணவரின் தமையன் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம், சகோதரி. இழப்பீட்டுப் பணம் கைக்கு வந்த எல்லோரும் மாடு தேடும் நேரத்தில் விற்பவர் சொன்னதுதான் விலை. கலப்பினப் பசுவுக்குக் கொட்டிலும் வெட்டிப் போடும் புல்லும் அடர்தீவனமும் வேண்டும். வெயிலில் காலாற மேயவிடும் பட்டிக்கு அது ஒத்துவராது.

உங்கள் மூலதனம் அந்தப் பதினான்கு மாடுகள்தான். மெலிந்த பசு சினைப்படாது. சினைப்படாவிட்டால் அடுத்த வருடமும் பால் காசு இல்லை. பலவீனத்தால் இனி ஒன்று இறந்தால் அதற்கு யாரும் இழப்பீடு தரப்போவதில்லை. ஆகவே 80,000 ரூபாயைத் தீனிக்கும் மருந்துக்கும் ஒதுக்குங்கள். பெரும்போக (மாரிகால) நெல் அறுவடை முடிந்ததும் வைக்கோல் மலிவாகக் கிடைக்கும். அப்போதே வாங்கி, நனையாத இடத்தில் அடுக்கிவையுங்கள். கால்நடை வைத்திய அலுவலகத்தில் பூச்சி மருந்தும், தொண்டை அடைப்பானுக்கும் கால் வாய் நோய்க்குமான தடுப்பூசியும் கேளுங்கள்.

அடுத்தது நுண்நிதிக் கடன். இந்தக் கடன்களின் வட்டிக்கு 2018இல் அரசு கொண்டுவந்த உச்சவரம்பே ஆண்டுக்கு 35 சதவீதம். அந்த வீதத்தில் 80,000 ரூபாய்க்கு வருட வட்டி 28,000 ரூபாய். அதே பணம் 8 சதவீத வைப்பில் கிடந்தால் வருவது 6,400 ரூபாய்தான். கடனை முழுதாகக் கட்டி முடியுங்கள். ஆனால் கட்டுமுன், முடிக்க வேண்டிய தொகையையும் மீதிக் காலத்து வட்டி தள்ளுபடியாகுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கட்டிய மறுவாரமே பெரிய கடன் தருகிறோம் என்று வீட்டுக்கு வருவார்கள். தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள்.

காப்புகளையும் மீட்டுவிடுங்கள். அடகு வட்டி வைப்பு வட்டியைவிடக் கூடியது. அவசரம் வந்தால் அதே காப்புகளை ஒரே நாளில் திரும்ப வைக்கலாம்.

எஞ்சும் 80,000 ரூபாயைச் சாதாரண சேமிப்புக் கணக்கில் விடுங்கள். அது அடுத்த கார்த்திகை, மார்கழிக்கு உரிய பணம். 2022 டிசம்பரில் குளிர்காற்றில் மட்டும் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் விறைத்து இறந்தன. மேட்டு நிலத்தில் ஒரு மறைப்பு, இரண்டு வாரத் தீனி, மாடுகளை ஏற்றிச் செல்லும் லொறிக் கூலி ஆகியவற்றுக்கு அந்த நேரத்தில் கடன் தேடி அலையக் கூடாது.

கன்றுகளை விட்டுவிடாதீர்கள். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் மேன்முறையீடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் காரணத்தைக் கேட்கலாம். மிஞ்சிய மாடுகள் அனைத்துக்கும் இந்த மாதமே தகடு போட்டுப் பதியுங்கள். கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபையில் கால்நடைக் காப்புறுதியும் இருக்கிறது. தவணைப்பணம் எவ்வளவு என்று விசாரியுங்கள்.

பணம் கணவர் பெயரில், கடன் உங்கள் பெயரில். முதலில் இருவரும் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் பேசுங்கள். தமையனுக்கு அதன் பிறகு பதில் சொல்லலாம்.