மகள் எச்.ஐ.வி. ஆய்வுக்குப் போகலாமா? திருச்செங்கோட்டுத் தந்தைக்கு ஒரு பதில்

அன்புள்ள ஐயா,

எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் முடித்துவிட்டு எச்.ஐ.வி. ஆய்வுக்குப் போவேன் என்று உங்கள் அம்மணி சொன்னதிலிருந்து வீட்டில் தூக்கமில்லை என்று எழுதியிருந்தீர்கள். தொற்றிவிடுமோ, வரன் தட்டிப்போகுமோ என்று இரண்டு பயம்.

முதல் பயத்தை விட்டுவிடுங்கள். தொட்டாலோ சேர்ந்து உண்டாலோ இது பரவாது. தொற்றுள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால்கூட தொற்றும் வாய்ப்பு ஆயிரத்துக்கு மூன்று அளவுதான். 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கி 28 நாள் சாப்பிட்டால் அதுவும் வெகுவாகக் குறையும்.

இரண்டாவது பயம் இருக்கிறதே, இந்த நோயை இன்னும் உயிரோடு வைத்திருப்பதே அதுதான். என்னிடம் ஆலோசனை கேட்டுப் படித்த பெண் ஒருத்தி, எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் அரசின் நம்பிக்கை மையத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே வரும் லாரி ஓட்டுநர் ஒருவரின் மனைவி, மாமியாருக்குத் தெரியாமல் மாத்திரையை மிளகாய்த்தூள் டப்பாவுக்குள் ஒளித்து வைக்கிறாராம். வீட்டுக்கு ஒரம்பரை வந்தால் அன்றைக்கு மாத்திரை கிடையாது. இப்படி அடிக்கடி விட்டுப்போனால் கிருமி மருந்துக்குக் கட்டுப்படாமல் போகும். மாத்திரையோ 2004 முதல் அரசு இலவசமாகவே தருகிறது.

மருந்து இருந்தும் அதைத் தவறாமல் மக்களிடம் சேர்ப்பதில்தான் உலகமும் திணறுகிறது. 75 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தொற்றோடு வாழும் தென்னாப்பிரிக்காவிலும், உகாண்டாவிலும் தொற்றைத் தடுக்கும் லெனகாபவிர் என்ற மருந்து ஊசியைச் சோதித்தார்கள். இது தடுப்பூசி அல்ல, மருந்து. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் போதும். போட்டுக்கொண்ட இரண்டாயிரத்துச் சொச்சம் இளம்பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை என்று 2024-ல் முடிவு வந்தது. அதை ஏழைக்குக் கட்டுப்படியாகும் விலையில் கொடுப்பது எப்படி, அடுத்த ஊசிக்குத் தவறாமல் வரவைப்பது எப்படி? முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து, தடுப்பூசி, கூடவே வரும் காசநோய் என்று ஆய்வகத்துக்கும் வேலை மீதி இருக்கிறது.

அம்மணி சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதட்டும். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு முனைவர் பட்டம் படிக்கலாம். சென்னையில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. ஆய்வுத் திட்ட வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்த வேலைகள். அதை மறைக்க மாட்டேன். புள்ளியியலை இப்போதே நன்றாகப் படித்துக்கொண்டால் வேறு நோய்களின் ஆய்வுக்கும் கதவு திறக்கும். லாரியும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியும் ஓடும் ஊரில் வளர்ந்தவள். மாதக்கணக்கில் வெளியூரில் கிடக்கும் ஆண்களையும் காத்திருக்கும் பெண்களையும் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை.

விண்ணப்பம் போடும் முன் ஒரு நாள், நாமக்கல் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்துக்கு அவளோடு நீங்களும் போய்ப் பேசிவிட்டு வாருங்கள், ஐயா.