கிராஃபீன் கலந்த எபாக்சி லேமினேட்: கேள்வி பதில்

கேள்வி: இழைத் துணியை எபாக்சிப் பிசினில் நனைத்து அடுக்கி லேமினேட் (அடுக்குப் பலகை) செய்கிறேன், பிசினில் கிராஃபீன் (மிக மெல்லிய கார்பன் தட்டுகளால் ஆன தூள்) கலக்க வேண்டும். எல்ஒய் 556 பிசின், எச்ஒய் 951 ஹார்டனர் (பிசினை இறுக வைப்பது), கையால் பூசும் முறை. 0.25% கிராஃபீன் என்றால் எத்தனை கிராம் சார்?

பதில்: எதில் 0.25% என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 500 கிராம் பிசினுக்கு 100:10 விகிதப்படி 50 கிராம் ஹார்டனர். ஆக 550 கிராமுக்கு 1.38 கிராம் தூள். துணி எடையில் 60% இருக்கும் லேமினேட்டில் மொத்த எடையை வைத்துக் கணக்குப் போட்டால் அது 3.4 கிராம் ஆகிவிடும், பிசினுக்குள் இரண்டரை மடங்கு அடர்த்தி. தூளை வெறும் பிசினில் முழுதாகக் கலந்து, காற்றை உறிஞ்சி எடுத்த பிறகே ஹார்டனர்.

கேள்வி: புரோப் சோனிகேட்டரில் (முனையின் மீயொலி அதிர்வால் கலக்கும் கருவி) இரண்டு மணி நேரம் வைத்தும் கட்டி கரையவில்லை.

பதில்: அறை வெப்பத்தில் அந்தப் பிசின் தேன் போலக் கெட்டி. புரோப் முனையைச் சுற்றி மட்டும் கலங்கும், ஓரத்தில் இருப்பது அசையாது. நேரத்தைக் கூட்டினால் கிராஃபீன் தட்டுகள் உடைந்து சிறுக்குமே தவிர கட்டி பிரியாது. மூன்று உருளை அரைவை இயந்திரம் கிடைத்தால் அதுவே மேல்: இடைவெளியை 60, 20, 5 மைக்ரான் என்று படிப்படியாகக் குறைத்துப் பல முறை ஓட்டுங்கள்.

அது இல்லையென்றால் அசிட்டோன். ஃபியூம் ஹுட்டுக்குள் (ஆவியை வெளியே இழுக்கும் ஆய்வகப் பெட்டி), பனிக்கட்டித் தொட்டியில், தூளை அசிட்டோனில் போட்டு, சோனிகேட்டரை 5 நொடி ஓட்டம் 5 நொடி ஓய்வு என்று அரை மணி நேரம் பிரித்துவிட்டுப் பிசினில் சேருங்கள். பிறகு 60–70 டிகிரியில், வெற்றிடத்தில், எடை குறைவது நிற்கும்வரை ஆவியாக்க வேண்டும். தராசில் வைத்துப் பார்ப்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் அசிட்டோன் பிசினை இளக்கி, கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையை (இறுகிய பிசின் இளகத் தொடங்கும் வெப்பநிலை) கீழே இழுக்கும். பழி கிராஃபீன் மேல் விழும்.

கேள்வி: வேக்யூம் இன்ஃபியூஷனில் (உலர்ந்த துணிக்குள் வெற்றிடத்தால் பிசினை இழுக்கும் முறை) பிசின் நுழையும் பக்கம் கறுப்பு, வெளியேறும் பக்கம் வெளிறல். ஏன்?

பதில்: துணி வடிகட்டியாகிவிட்டது. 7 மைக்ரான் கார்பன் இழைகளைக் கன அளவில் 60% வரும்படி சீராக அடுக்கினால், அடுத்தடுத்த இரண்டு இழைகளுக்கு நடுவே இருப்பது சுமார் 1.6 மைக்ரான். 17 மைக்ரான் கண்ணாடி இழை 50% என்றால் 6 மைக்ரான். விற்பனைக்கு வரும் தட்டுகள் பலவற்றின் அகலமோ 5 முதல் 25 மைக்ரான்! இழைக்கற்றைகளுக்கு இடையிலுள்ள அகன்ற வாய்க்காலில் அவை ஓடும், கற்றைக்குள் தெளிந்த பிசின் மட்டுமே நுழையும். குறுக்கே வெட்டி மெருகேற்றி நுண்ணோக்கியில் பாருங்கள், தெரிந்துவிடும்.

சிறிய தட்டுக்கு மாறுங்கள். பிசின் நீளவாக்கில் துணிமேல் விரிக்கும் வலையிலேயே ஓடி, தடிமன்வாக்கில் மட்டும் துணிக்குள் இறங்கட்டும், 2–3 மி.மீ. லேமினேட்டுக்கு இது ஒத்துவரும். தடிமன் கூடினால் தூளைப் பிசினில் போடுவதையே விடுங்கள். ஐசோபுரோப்பனாலில் கலக்கித் துணிமேல் தெளித்து, உலர்த்தி, வெறும் பிசினை ஓட்டலாம். சதுர மீட்டருக்கு 0.5 கிராம் என்றால் 300 × 300 மி.மீ. துணி ஒன்றுக்கு 0.045 கிராம், 8 அடுக்குக்கு நடுவே 7 இடைமுகம், மொத்தம் 0.315 கிராம். தாராளமாகத் தெளித்தால் தட்டுமேல் தட்டு வழுக்கி, அடுக்கு அங்கேயே பிரியும்.

கேள்வி: இழுவிசை வலிமை ஏறவே இல்லையே?

பதில்: இழைத் திசையில் ஏறாது. அங்கே பாரம் சுமப்பது இழை. மாற்றம் தெரிய வேண்டிய இடம் அடுக்குகளுக்கு இடையில்: ஏஎஸ்டிஎம் தர விதிகளில் டி2344 குறு உத்தரச் (short beam) சோதனை, டி5528 அடுக்கு விரிசல் சோதனை. லேமினேட்டுக்குள் சிக்கிய வெற்றுக்குமிழி அளவையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்த எண்களுக்கும் மதிப்பில்லை.

கேள்வி: வாங்கிய தூள் கிராஃபீன்தானா?

பதில்: சந்தேகம் நியாயமானது. 60 நிறுவனங்களின் சரக்கைச் சோதித்து 2018-இல் வந்த ஆய்வில், பெரும்பாலானவற்றில் கிராஃபீன் 10%-க்கும் குறைவு. 10 அடுக்குக்குள் இருந்தால்தான் சில அடுக்கு கிராஃபீன் என்கிறது ஐஎஸ்ஓ வரையறை. ராமன் நிறமாலை (லேசர் ஒளி சிதறுவதை அளக்கும் சோதனை) எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: துணி மாஸ்க் போதுமா?

பதில்: போதாது. நுண்தூளைத் தடுக்கும் பி100 வடிகட்டி மாஸ்க், கையுறை. தூளை ஃபியூம் ஹுட்டுக்குள்ளேயே எடைபோட்டு, உடனே திரவத்தில் நனைத்துவிடுங்கள்.